மேற்கு நார்வே: மழையும் மலையும் கடலும் தந்த பிழைப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்கனுக்குக் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. படிக்க வருகிற பிள்ளைகள், வேலை கிடைத்து வருகிறவர்கள், கோடையில் சுற்றிப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். இந்தப் பகுதியைப் புரிந்துகொள்ள ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்: தண்ணீர். வானத்திலிருந்து விழுகிற தண்ணீர், மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர், நிலத்துக்குள் நுழைந்து நிற்கிற கடல் தண்ணீர். இங்குள்ள தொழில்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துத்தான் வளர்ந்தன.

மேற்கு நார்வே என்றால் எந்தெந்த ஊர்கள்?

இங்குள்ளவர்கள் வெஸ்ட்லான்டெ என்பார்கள். தெற்கிலிருந்து வடக்காகச் சொன்னால் ரோகாலான்ட், வெஸ்ட்லான்ட், மோரெ-ரூம்ஸ்டால் என்று மூன்று மாவட்டங்கள். பழைய வரைபடத்தில் நான்கு இருக்கும். ஹோர்டாலான்டும் சோக்ன்-ஃபியோர்டானெயும் 2020இல் இணைந்துதான் வெஸ்ட்லான்ட் ஆனது. மூன்றிலும் சேர்த்து சுமார் 14 லட்சம் பேர், அதாவது நாட்டின் மக்கள்தொகையில் கால்வாசி.

பெரிய ஊர் பெர்கன். அடுத்து ஸ்டாவாங்கர். அப்புறம் ஹௌகசுண்ட், ஓலசுண்ட், மொல்டே, கிறிஸ்டியான்சுண்ட் எல்லாம் கடலோரச் சிறு நகரங்கள். கிழக்கே நீண்ட மலைத்தொடர் ஒன்று தலைநகர் ஓஸ்லோ இருக்கும் பக்கத்திலிருந்து இந்தப் பகுதியைப் பிரிக்கிறது. அந்த மலையைத் தாண்டி முதல் ரயில் ஓடியது 1909இல்தான். அதுவரை பெர்கன்காரர்களுக்கு ஓஸ்லோவைவிட ஸ்காட்லாந்தும் ஜெர்மனியும்தான் பக்கம். பேச்சிலும் பழக்கத்திலும் அது இன்றும் தெரியும்.

ஃபியோர்ட் என்பது ஆறா, ஏரியா, கடலா?

கடல்தான். தமிழில் நுழைகழி என்று எழுதுகிறவர்கள் உண்டு, நல்ல சொல். ஆனால் நம் ஊர் உப்பங்கழியை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் இங்கே கழி என்பது முழங்கால் ஆழம் இல்லை. சோக்னஃபியோர்ட் 205 கிலோமீட்டர் உள்ளே போகிறது. ஆழமான இடத்தில் 1,300 மீட்டரையும் தாண்டுகிறது. அதே ஃபியோர்டின் வாய்ப்பகுதியில், திறந்த கடலைச் சேரும் இடத்தில், ஆழம் 200 மீட்டர்கூடக் கிடையாது. உள்ளே பாதாளம், வாசலில் ஒரு படி.

பனியுகங்களில் மலைமேல் தேங்கிய பனிக்கட்டி ஆறு போலப் பள்ளத்தாக்குகளில் இறங்கியது. குறுகலான இடத்தில் நெருக்கியடித்து இறங்கியபோது பாறையை ஆழமாகக் குடைந்துவிட்டது. கடலோரம் வந்ததும் பரவி மெலிந்துபோனதால் அங்கே குடையும் பலம் இல்லை. பனி உருகிப் பின்வாங்கியபோது குடைந்த பள்ளத்துக்குள் கடல் புகுந்தது. அந்தக் காலத்து மிச்சம்போல யூஸ்டெடால் பனிப்பாறை இன்னும் மேலே கிடக்கிறது. ஐரோப்பியப் பெருநிலத்தில் அதைவிடப் பெரிய பனிப்பாறை இல்லை, ஆனாலும் வருடா வருடம் சுருங்கி வருகிறது.

இந்த அமைப்புக்கு இரண்டு விளைவுகள். பெரிய கப்பல் கடலிலிருந்து 200 கிலோமீட்டர் உள்ளே, மலையடிவாரம் வரைக்கும் வந்துவிடலாம். ஆனால் தட்டையான நிலம் கிடையாது. கரையிலிருந்து சுவர்போல மலை எழும்பும். ஆறு வந்து கலக்கும் மூலையில் மண் படிந்த கொஞ்சம் இடம் இருக்கும். ஊர், வயல், தேவாலயம், தொழிற்சாலை எல்லாம் அந்தக் கையகல இடத்துக்குள் அடங்க வேண்டும். கெய்ராங்கர், நேரொய் என்ற இரண்டு ஃபியோர்டுகளும் 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. நேரொய்ஃபியோர்ட் ஓரிடத்தில் 250 மீட்டர் அகலம்தான். அதில் படகில் போகும்போது இரண்டு பக்கத்து அருவிச் சத்தமும் ஒரே நேரத்தில் காதில் விழும்.

இவ்வளவு வடக்கில் இருந்தும் கடல் உறைவதில்லையே, எப்படி?

பெர்கன் 60 டிகிரி வடக்கில் இருக்கிறது. கிரீன்லாந்தின் தென்முனையும் ஏறக்குறைய அதே கோட்டில்தான். ஆனால் பெர்கனில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்று மேலே நிற்கிறது. ஜூலையில் 15 டிகிரி. அட்லாண்டிக்கில் தென்மேற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டமும், அதன்மேல் ஓயாமல் வீசும் தென்மேற்குக் காற்றும் சேர்ந்து கொடுக்கும் வரம் இது. துறைமுகங்கள் குளிர்காலம் முழுக்கத் திறந்திருக்கும். மீன்பிடிக்கும் கப்பல் போக்குவரத்துக்கும் அதுதான் அடித்தளம்.

வெதுவெதுப்பு என்றதும் தவறாக எண்ண வேண்டாம். பனி கொட்டும், பாதி உருகும், இரவில் கண்ணாடிபோல உறையும். நம் ஆட்கள் கைகால் முறித்துக்கொள்வது கடுங்குளிரில் இல்லை, இந்தப் பூஜ்யத்தைச் சுற்றிய ஊசலாட்டத்தில்தான். செருப்புக்கடையில் காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டை விற்பார்கள். வந்த வாரமே வாங்கிவிடுங்கள்.

பெர்கனில் எப்போதும் மழை என்கிறார்களே, உண்மையா?

பாதிக்கு மேல் உண்மை. ஆண்டுக்கு 200 நாளுக்கு மேல் மழை அல்லது பனி விழும். மொத்தம் ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர். 2006 அக்டோபர் 29 முதல் 2007 ஜனவரி 21 வரை, 85 நாள் தொடர்ந்து ஒரு நாள்கூட விடாமல் பெய்தது. அந்தக் கதையை ஊரில் இன்னும் சொல்கிறார்கள். இதையும் மிஞ்சியது சோக்ன் பகுதியில் உள்ள பிரெக்கே என்ற சிற்றூர். 1990இல் அங்கே 5,596 மில்லிமீட்டர் பதிவானது.

காரணம் எளிது. அட்லாண்டிக்கில் ஈரத்தை வாரிக்கொண்டு வரும் காற்று கரைக்கு வந்தவுடன் மலையில் மோதி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, சுமையை இறக்கிவிடுகிறது. பெர்கனைச் சுற்றி ஏழு மலைகள் என்பார்கள். மேகம் வந்து மாட்டிக்கொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது.

ஆனால் நம் ஊர் மழை வேறு, இந்த மழை வேறு. இடி மின்னலோடு கொட்டித் தீர்த்துவிட்டுப் போவது அபூர்வம். சாம்பல் நிறத் தூறல் பக்கவாட்டில் அடிக்கும். குடை பிடித்தால் காற்று திருப்பிவிடும். புயல் அடித்த மறுநாள் காலையில் பேருந்து நிறுத்தத்துக் குப்பைத் தொட்டிகளில் கம்பி முறிந்த குடைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். முதல் வருடம் நான் மூன்று குடை வாங்கினேன், அப்புறம் வாங்குவதையே விட்டுவிட்டேன். இங்கே பாலர் பள்ளிக் குழந்தைகள் தலை முதல் கால் வரை ரப்பர் உடுப்பு போட்டுக்கொண்டு மழையில்தான் விளையாடும். நனைந்த உடைகளைக் காயவைக்கச் சூடான காற்றடிக்கும் அலமாரி ஒன்று வாசலிலேயே இருக்கும். மழை மொழிக்குள்ளும் புகுந்திருக்கிறது. நாடே பார்க்கும் வானிலை இணையதளத்தின் பெயர் ‘இர்’; அந்தச் சொல்லுக்குத் தூறல் என்று பொருள்.

மேற்கு முழுவதும் இதே மழைதானா?

இல்லை. மலைக்குப் பின்னால் போனால் கதை மாறும். பிரெக்கேயும் லேர்டாலும் ஒரே சோக்னஃபியோர்டைச் சேர்ந்தவை; ஆனால் உட்கோடியில் இருக்கும் லேர்டாலுக்கு ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர்தான். கடற்காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட்டுத்தான் அங்கே வருகிறது. மலையைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று வறண்டு சூடேறும். 2020 ஜனவரி 2 அன்று சுன்டால்சோராவில் 19 டிகிரி பதிவானது இப்படித்தான். நடுக்குளிர்காலத்தில் மக்கள் அரைக்கைச் சட்டையில் வெளியே நின்றார்கள்.

வானிலை அறிவியலே பெர்கனில் பிறந்தது என்கிறார்களே?

இன்றைய வானிலைக் கணிப்பின் முக்கியமான பகுதி இங்கே பிறந்தது. இயற்பியலாளர் வில்ஹெல்ம் பியெர்க்னெஸ் 1917இல் லைப்சிக்கிலிருந்து பெர்கனுக்கு வந்தார். முதல் உலகப் போர் நேரம். வெளிநாட்டிலிருந்து தானியம் வருவது குறைந்துவிட்டது, உள்நாட்டு அறுவடையைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம். கடலில் போகும் மீனவர்களுக்கும் எச்சரிக்கை தேவைப்பட்டது. மேற்குக் கரையோரம் நெருக்கமாகக் கண்காணிப்பு நிலையங்களை அமைத்து, வரும் வானிலையைக் கோடு கோடாக வரைந்தபோது, குளிர்ந்த காற்றும் வெப்பமான காற்றும் மோதும் எல்லை ஒன்று தெளிவாகத் தெரிந்தது. போர்க்களச் செய்தி தினமும் படித்துக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் ‘போர்முனை’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். உலகம் முழுக்க வானிலை வரைபடங்களில் முக்கோணமும் அரைவட்டமும் போட்டுக் காட்டப்படும் கோடுகள் அவைதான். அவருடைய மகன் யாகோப் பியெர்க்னெஸ் புயல்கள் அந்த எல்லையில் எப்படிப் பிறந்து வளர்கின்றன என்று விளக்கினார். ஓயாத மழை ஊரை இதற்கும் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆளில்லாத மலை மூலைகளில் பெரிய பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றனவே, ஏன்?

எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் நான் நேரம் எடுத்துப் பதில் சொல்வேன்.

மழையும் பனியும் மேலே மலைமேட்டில் விழுகின்றன. மலை கடலோரம் வரை செங்குத்தாக நிற்கிறது. அப்படியென்றால் மேலே ஓர் ஏரியை அணைகட்டி நிறுத்தி, ஒரு குழாயை நேரே கீழே இறக்கினால் போதும். ஹர்டாங்கரின் கிளைஃபியோர்டு ஒன்றில் ஒட்டா என்ற ஊர் இருக்கிறது. அதன் பக்கத்தில் டிசெடாலில் 1906இல் மின்நிலையம் கட்டத் தொடங்கினார்கள். 1908இல் மின்சாரம் வந்தது. 400 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து பாறைச் சரிவில் குழாய்கள் இறங்குகின்றன. கீழே கடலை ஒட்டி, உயரமான ஜன்னல்களோடு, தேவாலயம் மாதிரி ஒரு நீண்ட மண்டபம். அதற்குள் வரிசையாக டர்பைன்கள். இப்போது அது அருங்காட்சியகம். உள்ளே போனால் கையால் மெருகேற்றிய பித்தளைக் கைப்பிடிகளையும் பளிங்குப் பலகையில் பொருத்திய மீட்டர்களையும் பார்க்கலாம். வெளியே வந்து குழாய்கள் போகும் திசையில் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தால், தண்ணீர் எவ்வளவு தூரம் விழுந்து வந்திருக்கிறது என்பது உடம்புக்கே உறைக்கும்.

அந்தக் காலத்தில் மின்சாரத்தை வெகுதூரம் கொண்டுபோக முடியாது. எனவே தொழிற்சாலைதான் மின்சாரத்தைத் தேடி வந்தது. ஒட்டாவில் அதே 1908இல் கால்சியம் கார்பைடு ஆலை தொடங்கியது. சுண்ணாம்பையும் கரியையும் மின் உலையில் உருக்கிச் செய்வது. விளக்கெரிக்கவும் உரம் செய்யவும் போனது. ஆட்டு மேய்ச்சலும் பழத்தோட்டமும் சுற்றுலாப் பயணிகளுமாக இருந்த ஊர், சில வருடங்களில் ஷிப்ட் சங்கு ஊதும் தொழிலாளர் நகரமாகிவிட்டது. கார்பைடு ஆலை 2003இல் மூடப்பட்டது. துத்தநாக ஆலை இன்னும் ஓடுகிறது.

பிறகு அலுமினியம் வந்தது. நார்வேயில் அலுமினியத் தாதுவான பாக்சைட் வெட்டப்படுவதில்லை. அந்தத் தாதுவிலிருந்து பிரித்த அலுமினாப் பொடி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது, உருக்கிய அலுமினியம் கப்பலிலேயே போகிறது. நடுவில் இந்த ஊர் சேர்ப்பது மின்சாரம் மட்டும். ஒரு கிலோ அலுமினியத்துக்கு 13 முதல் 15 யூனிட் வரை தேவை. அதாவது மலைமேல் விழுந்த மழையை உலோகக் கட்டியாக்கி ஏற்றுமதி செய்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஹொயாங்கர், ஓர்டால், சுன்டால்சோரா, கார்மோய், ஹூஸ்னெஸ் என்று ஆலைகள் எல்லாம் உப்புத்தண்ணீர்க் கரையில் இருப்பது இதனால்தான். ஓர்டால் ஆலையை இரண்டாம் உலகப் போரில் ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர்கள் கட்டத் தொடங்கினார்கள். போர் முடிந்ததும் நார்வே அரசு எடுத்து முடித்து 1948இல் உற்பத்தியைத் தொடங்கியது.

அப்படியானால் மாசு இல்லாத தொழிலா?

மின்சாரம் சுத்தமானது. ஆலைகள் அப்படி இருக்கவில்லை. ஓர்டாலில் ஃபுளூரைடு புகையால் மாடுகளின் பல்லும் எலும்பும் கெட்டன, பைன் காடுகள் கருகின. ஒட்டாவின் ஃபியோர்டில் துத்தநாகம், காட்மியம், பாதரசம் எல்லாம் பல்லாண்டு காலம் போய்க் கலந்தன. உலகிலேயே கன உலோகம் அதிகம் கலந்த ஃபியோர்டுகளில் ஒன்று என்ற கெட்ட பெயர் வந்தது. 1980களில்தான் ஆலைக் கழிவைக் கடலில் கொட்டுவதை நிறுத்தி, மலைக்குள் குகை குடைந்து அடைக்க ஆரம்பித்தார்கள். தண்ணீர் இப்போது நன்றாகத் தேறியிருக்கிறது. ஆனால் அடியில் படிந்த சேறு அங்கேயேதான் கிடக்கிறது. படத்தில் பார்க்கும் நீலத் தண்ணீருக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது என்பதை வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்நிலையங்கள் தனியார் கையிலா?

பெரும்பகுதி அரசு, மாவட்டம், நகராட்சிகள் கையில். 1900களின் தொடக்கத்தில் வெளிநாட்டு முதலாளிகள் அருவிகளை விலைக்கு வாங்க ஆரம்பித்தார்கள். நாடு 1905இல்தான் சுவீடனிடமிருந்து பிரிந்திருந்தது. பதறிப்போன நாடாளுமன்றம் 1906இல் அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. ‘பீதிச் சட்டம்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பின்னர் 1917 சட்டத்தின்படி, தனியாருக்குத் தந்த உரிமக் காலம் முடிந்தால் அணையும் மின்நிலையமும் இலவசமாக அரசுக்கு வந்து சேர வேண்டும். எண்ணெய் கிடைத்தபோது யாரிடம் எப்படிப் பேரம் பேசுவது என்று இவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றால், அதற்கான பயிற்சி அருவிகளிடம் கிடைத்தது என்பது என் கருத்து.

நாட்டின் மிகப்பெரிய நீர்மின்நிலையமான கிவில்டால் (1,240 மெகாவாட்) ரோகாலான்டில் இருக்கிறது. அங்கிருந்து 2021 முதல் கடலடிக் கேபிள் ஒன்று இங்கிலாந்துக்குப் போகிறது. அதன் பிறகு மின்கட்டணம் பற்றி இங்கே நடக்கும் சண்டை ஓயவில்லை.

ஸ்டாவாங்கர் எப்படி எண்ணெய் நகரமானது?

அதற்கு முன்னால் அது மீன் டப்பா நகரம். சாளை போன்ற சின்ன மீனைப் புகையில் வாட்டி, எண்ணெய் ஊற்றி, தகர டப்பாவில் அடைப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நாட்டின் மீன் டப்பா ஆலைகளில் பாதிக்கு மேல் அந்த ஓர் ஊரில் இருந்தன. பழைய ஆலை ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

1960களில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. 1969 இறுதியில், வடகடலில் எண்ணெய் தேடித் தோண்டி அலுத்துப்போன பிலிப்ஸ் நிறுவனம் கடைசியாகத் தோண்டிய கிணறுகளில் ஒன்றில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் அகப்பட்டது. 1971இல் உற்பத்தி தொடங்கியது. 1972இல் அரசு எண்ணெய் நிறுவனம் ஸ்டாட்ஆயிலையும் (2018 முதல் எக்வினோர்) எண்ணெய் எடுப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எண்ணெய் இயக்ககத்தையும் இரண்டையுமே ஸ்டாவாங்கரில் வைக்க நாடாளுமன்றம் முடிவு செய்தது. அந்த முடிவுதான் ஊரின் தலையெழுத்தை மாற்றியது.

இதில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அறிய வேண்டிய ஒரு பெயர் ஃபாரூக் அல்-காசிம். ஈராக்கைச் சேர்ந்த நிலவியலாளர். மனைவி நார்வேக்காரர். மகனின் மருத்துவத்துக்காக 1968இல் வேலையை விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு வந்தார். பெட்ரோலியம் தெரிந்த ஆள் இல்லாமல் தவித்த அமைச்சகத்தில் போய் வேலை விசாரித்தார், எடுத்துக்கொண்டார்கள். பிறகு எண்ணெய் இயக்ககத்தில் உயர்பதவியில் இருந்து, வயலில் உள்ள எண்ணெயை அவசரப்பட்டு உறிஞ்சாமல் முடிந்த அளவு முழுவதுமாக எடுக்க வேண்டும் என்ற கொள்கையை வேரூன்ற வைத்தவர்களில் ஒருவரானார்.

ஃபியோர்டின் ஆழம் இங்கும் உதவியது. கடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரக் கான்கிரீட் மேடைகளை நிற்கவைத்தே கட்ட வேறெங்கே இவ்வளவு ஆழமான, அலையில்லாத தண்ணீர் கிடைக்கும்? ரோகாலான்டில் கட்டிய ட்ரோல்-ஏ மேடையின் மொத்த உயரம் 472 மீட்டர். 1995இல் அதை நிமிர்ந்த நிலையிலேயே கடலுக்கு இழுத்துச் சென்றார்கள். எல்லாமே வெற்றி இல்லை. 1991இல் ஸ்லெய்ப்னெர் மேடையின் அடித்தளம் ஸ்டாவாங்கரை ஒட்டிய ஃபியோர்டிலேயே மூழ்கியது. கணினிக் கணக்கில் நேர்ந்த பிழை. அதற்கு முன், 1980 மார்ச் 27 அன்று, அலெக்சாண்டர் கீல்லான்ட் என்ற மிதக்கும் தங்குமேடை புயலில் கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். ஒரு தாங்குகுழாயின் வெல்டிங்கில் தொடங்கிய விரிசல். ஸ்டாவாங்கரில் வயதானவர்களிடம் பேசினால் அந்த இரவு எங்கே இருந்தோம் என்று இன்னமும் சொல்வார்கள்.

மீன் தொழில் இப்போதும் உண்டா?

எண்ணெய்க்கு முன்பும் அதுதான், எண்ணெய்க்குப் பின்பும் அதுதான் இருக்கும் என்று மீன்காரர்கள் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்கிறேன்.

பெர்கன் வளர்ந்ததே கருவாட்டால். வடக்கே லோஃபோட்டனில் பிடித்து, உப்பில்லாமல் குளிர்காற்றில் காயவைத்த காட் மீன் கட்டுக்கட்டாக இங்கே வரும். ஹான்சா என்ற கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மன் வணிகர்கள் அதை வாங்கிவிட்டுத் தானியம் கொடுப்பார்கள். அவர்கள் இருந்த துறைமுக வரிசை வீடுகள்தான் புகழ்பெற்ற பிரிக்கென். பல தடவை எரிந்து, பழைய வடிவிலேயே மறுபடி கட்டப்பட்டு, 1979இல் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போனது. உள் சந்துகளில் நடந்தால் மரப்பலகையிலிருந்து இப்போதும் தார் வாசம் வரும்.

கிறிஸ்டியான்சுண்டின் கருவாடு வேறு வகை. உப்புப் போட்டு, கடலோரப் பாறையில் பரப்பிக் காயவைப்பது. 1690களில் யாப்பெ இப்பெஸ் என்ற டச்சுக்காரர் தொடங்கிவைத்தார். காலையில் விரித்து, மழை வருமுன் அள்ளிக் குவித்து மூடுவது பெண்களின் வேலை. முதுகு ஒடிகிற வேலை. போர்த்துகலுக்கும் பிரேசிலுக்கும் போகும் பக்கலாவோ இதுதான். நம் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு முறையிலும் அருமையாக வரும், இரண்டு நாள் தண்ணீர் மாற்றி ஊறவைக்க மட்டும் மறக்காதீர்கள்.

ஹௌகசுண்ட் ஹெர்ரிங் மீனால் வளர்ந்த ஊர். 1960களின் இறுதியில் அளவுக்கு மீறிப் பிடித்ததில் அந்த மீன் கூட்டமே காணாமல் போனது. தேறிவர இருபது வருடம் பிடித்தது. இந்த நாட்டு மீன்பிடிக் கட்டுப்பாடுகள் இவ்வளவு கறாராக இருப்பதற்கு அந்த அடி ஒரு காரணம்.

இன்று பணம் சால்மன் வளர்ப்பில் இருக்கிறது. நார்வே ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன் வளர்க்கிறது, உலக உற்பத்தியில் பாதிக்கு மேல். மோவி, லெரோய் போன்ற பெரிய நிறுவனங்களின் தலைமையகம் பெர்கனில். ஃபியோர்டுகளில் மிதக்கும் வட்ட வலைக்கூண்டுகள் அவர்களுடையவை. பிரச்சினை சால்மன் பேன். கூண்டில் நெருக்கமாக வளரும் மீனில் பெருகி, ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் காட்டுச் சால்மன் குஞ்சுகளைப் பிடித்துக் கொல்கிறது. 2017 முதல் கடற்கரையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பேன் அளவைப் பார்த்துப் போக்குவரத்து விளக்குபோலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுக்கிறார்கள். மேற்குக் கரைப் பகுதிகள் சிலவற்றுக்குச் சிவப்பு விழுந்திருக்கிறது. ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாகத் தூண்டில் போட்ட குடும்பங்களின் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

தமிழர்களுக்கும் இந்தப் பகுதிக்கும் ஏதாவது தொடர்பு?

உண்டு. 1980களில் இலங்கைப் போரால் வந்த தமிழர்களில் பலர் முதலில் வடகோடி மீன் ஆலைகளில் மீன் வெட்டினார்கள். பிறகு ஓஸ்லோ, பெர்கன், ஸ்டாவாங்கர் பக்கம் இறங்கி வந்தார்கள். இன்று பெர்கனில் வார இறுதித் தமிழ் வகுப்பு உண்டு, பொங்கலும் உண்டு.

கடல் வழியாகவும் ஒரு தொடர்பு. பெர்கனில் உள்ள கடலாய்வு நிறுவனம் இயக்கும் ‘டாக்டர் ஃப்ரிட்ஜோஃப் நான்சென்’ ஆய்வுக் கப்பல், ஐ.நா. உணவு அமைப்பின் கொடியோடு இலங்கைக் கடலில் 1978–80இல் மீன்வளம் கணக்கிட்டது. அதே பெயர் கொண்ட புதிய கப்பல் 2018இல் மறுபடி போனது.

விவசாயம் செய்ய இடம் இருக்கிறதா?

நாட்டு நிலத்தில் மூன்று சதவீதம்தான் உழக்கூடியது. அதில் நல்ல துண்டு ஸ்டாவாங்கருக்குத் தெற்கே யேரன். மரமில்லாத சமவெளி, வயலிலிருந்து பொறுக்கிய கல்லால் கட்டிய மைல்கணக்கான வேலிகள், கறவை மாடு, கண்ணாடிக் குடிலில் தக்காளி. 1879இல் தொடங்கிய க்வெர்னெலான்ட் பட்டறை, கல் நிறைந்த மண்ணைக் கீறும் ஏர் செய்து, பெரிய கலப்பை நிறுவனமானது. பக்கத்து பிரைனெயில் கைவண்டி செய்த ட்ரால்ஃபா ஆலையில் பெயின்ட் அடிக்க ஆள் கிடைக்காமல் 1960களில் பெயின்ட் அடிக்கும் ரோபோ ஒன்றைத் தாங்களே செய்தார்கள்; பிறகு அதையே கார் ஆலைகளுக்கு விற்றார்கள்.

ஹர்டாங்கர் முழுக்கப் பழம். 13ஆம் நூற்றாண்டில் துறவிகள் கொண்டுவந்த பழ வளர்ப்பு. ஃபியோர்ட் கோடையில் வாங்கிய வெப்பத்தை மெதுவாக விடுகிறது, மலை காற்றை மறைக்கிறது, சரிவு வெயிலைப் பிடிக்கிறது. 60 டிகிரியில் ஆப்பிளும் செர்ரியும் பழுக்கின்றன. செப்டம்பரில் சாலையோரம் மரப்பெட்டிகளில் ஆப்பிள் பைகளை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கடைக்காரர் கிடையாது. விலை எழுதிய அட்டையும் பணம் போட ஒரு டப்பாவும் மட்டும் இருக்கும்.

கப்பல், மரச்சாமான் தொழில் எங்கே?

வடக்கே ஓலசுண்டைச் சுற்றிய சுன்மோரெயில். உல்ஸ்டெயின் போன்ற கப்பல் கட்டும் தளங்கள் மீன்பிடிப் படகில் தொடங்கி எண்ணெய் வயல் சேவைக் கப்பலுக்கு வளர்ந்தவை. மூக்கு பின்னோக்கிச் சாய்ந்த கப்பல் வடிவம் 2006இல் அங்கிருந்து வந்தது. பக்கத்திலேயே சாய்வு நாற்காலிக்குப் பேர்போன எகோர்னெஸ். 1934இல் மெத்தை ஸ்பிரிங் செய்யத் தொடங்கிய ஆலை.

மலைச்சரிவு அபாயம் உண்டா?

உண்டு. 1934 ஏப்ரல் 7 இரவு டாஃபியோர்டில் பாறை சரிந்து ஃபியோர்டுக்குள் விழுந்தது, எழுந்த அலை 40 பேரைக் கொண்டுபோனது. லோயென் ஏரியில் 1905இல் 61 பேர், 1936இல் மறுபடி 74 பேர். இப்போது ஓகெர்னெஸ் என்ற சரிவில் ஒரு விரிசல் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் விரிகிறது. இரவும் பகலும் கருவிகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கெய்ராங்கர், ஹெல்லெசில்ட் மக்களுக்கு எந்த உயரத்துக்கு ஓட வேண்டும் என்று தெரியும். நீங்கள் போனாலும் அந்தப் பலகைகளைப் படித்து வையுங்கள்.

ஊருக்கு ஊர் எப்படிப் போவது?

ஃபெர்ரி, சுரங்கப்பாதை, பாலம் என்று மாறி மாறி. கார்களை ஏற்றிச் செல்லும், பேட்டரியில் ஓடும் உலகின் முதல் ஃபெர்ரி ‘ஆம்பியர்’ 2015இல் சோக்னஃபியோர்டைக் கடக்கத் தொடங்கியது. இன்று கரையோரம் பேட்டரி ஃபெர்ரிகள்தான் வழக்கம். லேர்டால் சுரங்கம் 24.5 கிலோமீட்டர். ஓட்டுநர் தூங்கிவிடக் கூடாது என்று நடுவில் மூன்று இடத்தில் நீல விளக்குக் குகை வைத்திருக்கிறார்கள். கூகுள் காட்டும் நேரத்தோடு ஒரு ஃபெர்ரி காத்திருப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எந்த மொழி படித்துவிட்டு வரணும்?

நார்வே மொழியின் இரண்டு எழுத்துவடிவங்களில் வகுப்பில் சொல்லித்தருவது பெரும்பாலும் பூக்மோல். பெர்கனிலும் ஸ்டாவாங்கரிலும் அது போதும். உட்பகுதி நகராட்சிகளில் வேலை என்றால் கடிதம் மற்ற வடிவமான நீநொர்ஸ்கில் வரும். சுன்மோரெயில் பிறந்த ஈவார் ஓசன் 19ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய்ப் பேச்சுவழக்குகளைச் சேகரித்து உருவாக்கிய எழுத்துமொழி அது. படிக்கப் பழகினால் ஒரு மாதத்தில் பிடிபடும்.

எந்த மாதம் வந்தால் நல்லது?

மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை. ஹர்டாங்கரில் பழமரம் பூத்திருக்கும், மேலே பனி உருகுவதால் அருவிகள் முழு வேகத்தில் இருக்கும், பெர்கனில் மழையும் வருடத்திலேயே குறைவு. ஜனவரியில் வந்தால் பகல் ஆறு மணி நேரம்தான். எந்த மாதமானாலும் தலைமூடி வைத்த மழைக்கோட்டு ஒன்றும் நனையாத காலணி ஒரு ஜோடியும் எடுத்து வாருங்கள். குடையை வீட்டிலேயே வைத்துவிடலாம்.